சபைக்குத் தெரியாத மாத்திரை

மில்லர்புரம் ஜெப்ஸி டீச்சருக்குப் பொய் பேசினால் பிடிக்காது. பொய் சொன்ன பிள்ளையை வெயிலில் நிறுத்திவிடுவாள். ஆனால் தான் விழுங்கும் மனச்சோர்வு மாத்திரையை, சர்ச் சபைக்குத் தெரிந்துவிடுமே என்று, வீட்டில் தைராய்டு மாத்திரை என்று சொல்லிவைத்திருந்தாள்.

முத்துநகர் கடற்கரைப் பக்கம் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டி மனதை ஆற்றும் வகுப்புக்கு நாத்தனார் ரோஸ் அவளைக் கூட்டிப்போனாள். நடத்துகிறவள் ஆளுக்கொரு கோப்பை கொக்கோ பானத்தை வைத்துவிட்டு எல்லார் முன்னாலும் கேட்டாள்: "இருதய நோய், வலிப்பு, மனச்சோர்வு மாத்திரை, யாருக்காவது உண்டா? அவங்க இந்தக் கொக்கோவைக் குடிக்கக் கூடாது."

"மதினிக்குத் தைராய்டு மட்டுந்தான்," என்றாள் ரோஸ். ஜெப்ஸி தலையாட்டிவிட்டு அந்தக் கெட்டிக் கசப்பைக் குடித்தாள்.

கிண்ணம் முழங்க முழங்க அவள் நெஞ்சு அதைவிட வேகமாக அடித்தது. வேர்த்துச் சரிந்தாள், நாக்கு எழவில்லை.

"என்ன மாத்திரை சாப்பிடுதாங்க?" என்று ஆம்புலன்ஸில் வந்தவர் கேட்டார்.

ரோஸ் சந்தேகமே இல்லாமல் சொன்னாள்: "தைராய்டு."