துக்கத்துக்கு எலுமிச்சைப்புல்

கோபத்துக்கு ஆரஞ்சு, தூக்கத்துக்கு லாவண்டர், மறதிக்குப் புதினா, துக்கத்துக்கு எலுமிச்சைப்புல். சின்னம்மா ஒவ்வொரு வாசனை எண்ணெய்ச் சீசாவாகப் பையிலிருந்து எடுத்துப் பாயில் வரிசையாக வைத்தபோது எனக்கு எட்டு வயது. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் உயரம்தான் இருந்தது. இத்தனை சின்னச் சீசாவுக்குள் இவ்வளவு பெரிய சமாசாரங்களை எப்படி அடைத்தார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவள். சேலத்தில் ஏதோ ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் போய்வந்த பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். அதற்கு முன்பெல்லாம் யாராவது தலைவலி என்றால் "போய்ப் படு" என்பதோடு அவள் வைத்தியம் முடிந்துவிடும். இப்போதோ தலைவலிக்காரரைக் கண்டால் முகம் மலர்ந்துவிடுகிறது. மூச்சை எப்படி இழுப்பது, எத்தனை எண்ணும்வரை அடக்குவது, எப்படி விடுவது என்று பாடமே எடுப்பாள். வாசனை மூக்கு வழியாக ஏறி, மூளையில் மனசு இருக்கிற இடத்தைப் போய்த் தொடும் என்பாள். மனசு நெஞ்சில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே பெரிய செய்தி.

அந்த முறை அவள் பஸ் ஏறி எங்கள் மலைக்கு வந்தது அம்மாவுக்காக.

அந்தத் தை மாதம் எனக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். இருபத்து மூன்று நாள் இருந்தான். காய்ச்சல் கண்டு கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி இறங்குவதற்குள் போய்விட்டான். திரும்பி வந்த அம்மா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். அழவில்லை. ஊட்டினால் இரண்டு வாய்க் கஞ்சி குடிப்பாள், கொல்லைப்பக்கம் போய்வருவாள், மறுபடி படுத்துக்கொள்வாள். நான் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் அவள் முதுகுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். அப்பா சோறாக்கக் கற்றுக்கொண்டார். எனக்குத் தலை பின்னவும் கற்றுக்கொண்டார். ஒரு சடை காதுக்கு மேலேயும் ஒரு சடை காதுக்குக் கீழேயும் இருக்கும். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சின்னம்மா எலுமிச்சைப்புல் சீசாவைத் திறந்து அம்மாவின் மூக்கருகே கொண்டுபோனாள். வாசனை அறை முழுக்கப் பரவியது. எங்கள் மேட்டில் ஆடுகூட வாய் வைக்காமல் கிடக்கும் அதே புல்தான். ஆனால் சேலம் போய்ச் சீசாவுக்குள் இறங்கி வந்ததும் அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டிருந்தது.

"நல்லா இழுக்கா. மனசு லேசாவும் பாரு."

அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சின்னம்மா அரை மணி நேரம் கெஞ்சிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அடுப்படியில் அப்பாவிடம் அவள் பேசியது, கதவோரம் நின்ற எனக்கும் கேட்டது.

"இப்படியே உட்டா ஆவாதுங்க மாமா. வர்ற வெள்ளிக்கெழம நான் வந்து கீழ கூட்டிட்டுப் போயிடறேன். எங்கூட்லயே இருக்கட்டும்."

"எத்தன நாளைக்கு அம்மிணி?"

"அத எப்படீங்க சொல்றது? தேறுற வரைக்கும்."

"புள்ள?"

"அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குதில்லீங்க. உங்ககூட இங்கயே இருக்கட்டும்."

 கீழே போன தம்பி திரும்பி வரவில்லை. இப்போது அம்மாவும் கீழே போகிறாளாம். கீழே என்பது ஊர்களும் கடைகளும் உள்ள இடம் என்பது போய், ஆட்களை விழுங்குகிற இடமாக அது எனக்கு ஆகிவிட்டிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் அம்மா எழுந்தாக வேண்டும்.

கிளம்பும்போது சின்னம்மா சீசாக்களை என் கையில் கொடுத்துப் பத்திரப்படுத்தச் சொன்னாள். "அக்கா மூக்கே குடுக்க மாட்டேங்குது கண்ணு. ஒரு துணியில ரெண்டு சொட்டு உட்டு தலமாட்டுல வெச்சுரு. தானா வேல செய்யும். நேரா தோல்ல மட்டும் பட்டுறக் கூடாது, எரியும்" என்றாள்.

நான் எதையும் சோதிக்காமல் நம்புகிற பிள்ளை இல்லை. முதலில் மற்ற சீசாக்களைப் பரீட்சித்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவுக்கு என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை அப்பா நல்ல கோபத்தில் இருந்தார். குச்சிக்கிழங்கு ஏற்ற வருவதாகச் சொன்ன லாரி வரவில்லை. அவர் தலையில் கட்டும் துண்டில் ஆரஞ்சு எண்ணெய் நாலு சொட்டு விட்டேன். துண்டைக் கட்டிக்கொண்டு மிளகுக் கொடிப் பக்கம் போனவர் போன வேகத்தில் திரும்பினார்.

"எவ இந்தத் துண்டுல முட்டாயத் தேச்சது? எறும்பு மொய்க்கறதுக்கா?"

கோபம் இறங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த எண்ணெய் இல்லாவிட்டால் முதுகில் ஒன்று வைத்திருப்பார், வெறும் சத்தத்தோடு விட்டாரே என்று அதன் கணக்கில் பாதி வெற்றி எழுதிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டியிருந்தது. புதினா எண்ணெயை மூக்குக்குக் கீழே தடவிக்கொண்டு போனேன். சின்னம்மா சொன்ன எரிச்சல் என்னவென்று அப்போது தெரிந்தது. கண்ணில் நீர் தாரை தாரையாகக் கொட்டியது. டீச்சர் நான் தம்பியை நினைத்து அழுவதாக எண்ணிக்கொண்டு, "பரவால்ல சாமி, நீ உக்காரு" என்றார். வாய்ப்பாடு சொல்லாமலே தப்பித்தேன். ஆகவே புதினா வேலை செய்கிறது. லாவண்டரை எங்கள் நாயின் கழுத்தில் தடவினேன். அது தும்மிக்கொண்டே பக்கத்துக் காட்டுக்கு ஓடிப்போய் இரண்டு நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அது தூங்கியதா இல்லையா என்று யாரைக் கேட்பது?

மொத்தத்தில் எண்ணெய்களிடம் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிட்டது. வியாழக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் தங்கினேன்.

அம்மாவின் தலைமாட்டில் வைக்கத் துணி தேடவே வேண்டியிருக்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டு. அதில்தான் தம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். கீழே போய்த் திரும்பிய நாள்முதல் அம்மா அதை மடித்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தாள். துவைக்க யாரையும் விடவில்லை. அது லேசாகப் புளித்த பால் வீச்சம் அடிக்கும். இந்த வீச்சம் மூக்கை அடைத்துக்கொண்டிருந்தால் நல்ல வாசனை எந்த வழியாக மூளைக்குப் போகும் என்று எனக்குத் தோன்றியது. சின்னம்மாவுக்கு இது பிடிபடவில்லையே என்று கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

அம்மா கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்துத் துணியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். இரண்டு சொட்டு என்பது சாதாரணத் துக்கத்துக்கு. அம்மாவுடையது பெரிசு. முழுச் சீசாவையும் கவிழ்த்தேன். பள்ளிக்கூடத்தில் கோலப்பொடி தூவக் கற்றுக்கொண்ட பொறுமையோடு, நடுவில், ஓரத்தில், நான்கு மூலையிலும், ஓர் இடம் விடாமல் எண்ணெய் படும்படி பார்த்துக்கொண்டேன். துணி நனைந்துவிட்டது. இப்படியே வைத்தால் அம்மாவின் கன்னம் எரியுமே என்று கொடியில் விரித்துக் காயப்போட்டேன்.

காப்பி பூத்திருந்த சமயம் அது. முதலில் இரண்டு தேனீக்கள் வந்து துணியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயின. பிறகு பத்து வந்தன. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே மில் ஓடுவதுபோல ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால் வானத்திலிருந்து ஒரு கூட்டமே சுழன்றுகொண்டு இறங்குகிறது. துணியின் ஒரு பக்கம் பழுப்பு நிறத்தில் கொத்தாகத் தொங்க ஆரம்பித்துவிட்டது.

தேனீக்கள் ஒன்றையொன்று கூப்பிட விடுகிற வாசனையும் எலுமிச்சைப்புல் வாசனையும் ஏறக்குறைய ஒன்றே என்று கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அது தெரியாது. அவர் ஒரு வருடமாகப் பலா மரத்தில் மெழுகு பூசிய வெறும் பானை ஒன்றைக் கட்டிவைத்துத் தேனீக்காகக் காத்திருந்தவர். மிளகுக் கொடியிலிருந்து ஏணியோடு விழாத குறையாக இறங்கி ஓடிவந்தார்.

"பூச்சி எறங்குது சாமி! அசையாத! நான் பானைய எடுத்தாறேன்!"

அந்த ஒரு மாதத்தில் அப்பாவின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன். அவர் பலா மரத்துப் பக்கம் ஓடினார்.

அந்த நேரத்தில் அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"துணி எங்க?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் சொல் அதுதான்.  கொடியைக் கை காட்டினேன். அம்மா முடியை அள்ளிக்கூடச் செருகாமல் நேராகக் கொடியை நோக்கி நடந்தாள். பானையோடு திரும்பிய அப்பா அலறினார்.

"ஏம்புள்ள, போவாத! கொட்டிப்போடும்!"

அம்மாவுக்குக் காது கேட்டதாகவே தெரியவில்லை. சுழலும் கூட்டத்துக்குள் புகுந்து துணியைப் பற்றி ஓர் உதறு உதறினாள். தேனீக்கள் குபீரென்று கிளம்பின. கையில் மூன்று, புருவத்தில் ஒன்று என்று கொட்டு வாங்கிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். துணியை முகத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு மூலையை முகர்ந்தாள். அடுத்த மூலையை முகர்ந்தாள். மூன்றாவதை, நான்காவதை. புரட்டிப் போட்டு நடுவில் முகத்தைப் புதைத்தாள். அம்மாவுக்கு அந்த வாசனை அவ்வளவு பிடித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அம்மா அழுதாள். அப்படி ஓர் அழுகையை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை. அப்பா பானையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தேனீக்கள் எந்தப் பக்கம் போயின என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரும் அழுதார்.

வெகுநேரம் கழித்து அம்மா தலையை நிமிர்த்தி, "யாரு இத எடுத்தது?" என்றாள். காலிச் சீசா என் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார்.

"நாந்தான்மா. துக்கத்துக்கு. முழுசா ஊத்தியிருக்கேன்" என்றேன். "நாளைக்கு நீ கீழ போவாத."

அம்மா அப்பாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். வீங்கத் தொடங்கியிருந்த கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நல்லா மணக்குது கண்ணு" என்றாள்.

மறுநாள் சின்னம்மா வந்தபோது அம்மா ஒரு கண் மூடியபடி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சடை இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன. நடந்ததைக் கேட்ட சின்னம்மாவுக்குத் தேனீயும் கொட்டும் பெரிதாகப் படவில்லை. "ரெண்டு சொட்டுக்கே கேக்கும். முழு சீசான்னா கேக்கணுமா?" என்று பூரித்துப்போனாள். அதற்கப்புறம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அக்கா கதையைத்தான் சொன்னாளாம். உண்மைதானா என்று யாராவது அம்மாவைக் கேட்டால் அவளும், "ஆமாங்க, நல்ல எண்ணெதான்" என்பாள். அம்மாவைக் குணமாக்கியவள் என்ற பெருமையோடு நானும் ரொம்ப வருஷம் திரிந்தேன்.

எண்ணெய் குணமாக்கியதா, அந்த அழுகை குணமாக்கியதா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் போன வருடம் என் ஆறு மாத மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். முதல் நாள் பஸ்ஸில், கைப்பையில் தவறிக் கிடந்த மகளின் சட்டை ஒன்று கையில் அகப்பட்டது. அதை மூக்கருகே கொண்டுபோன பிறகுதான் அம்மா அன்று அந்தத் துணியில் மூலை மூலையாக எதைத் தேடினாள் என்று எனக்கு உறைத்தது. தம்பியின் வாசனை இருந்தது அந்த ஒரு துணியில்தான். ஓர் இடம் விடாமல் அதை அழித்தது நான். அது தெரிந்தும்தான் அவள் என்னை மடியில் போட்டுக்கொண்டு, நல்லா மணக்குது என்று சொல்லியிருக்கிறாள்.