வெடி போட்ட கராத்தே படம்

சினிமாக் கொட்டகைக்குள் வெடி போடுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. இன்றைக்கும் ஆகாது. சந்தோசத்தில்தானே போடுகிறார்கள், விட்டுத் தள்ளுங்க என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் பட்டாசு ரூமில் உட்கார்ந்து பார்க்காத ஆட்களாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இல்லை. அன்றைக்கு வெடி போட்டது எங்கள் ஆட்கள்தான். எங்களோடு ஒரே வேனில் வேலைக்கு வருகிறவர்கள். இத்தனை வருசம் ஆகியும் என் கோபம் ஆறாமல் இருப்பது அதனால்தான்.

அப்போது தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகிக்கொண்டிருந்தேன். மின்னல் வெட்டினால் எங்களுக்கு வேலை கிடையாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சித்திரை மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படித்தான் கோடைமழை பிடித்துக்கொண்டது. சாத்தூரில் மாத்திரை வாங்கப் போனவள், மழைக்கு ஒதுங்கிக் கொட்டகை வாசலில் நின்றேன். நின்றவள் என்ன நினைத்தேனோ, டிக்கெட் எடுத்து உள்ளே போய்விட்டேன்.

கராத்தே படம். சீனாக்காரன் எடுத்ததைத் தமிழில் பேசவிட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கையையும் காலையும் வீசிச் சண்டை போட்டால் எல்லாமே கராத்தே படம்தான். உள்ளே மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர். பெண்கள் பக்கம் நானும் ஒரு பூக்காரம்மாவும் மட்டும். அந்த அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது.

படத்தில் ஒரு கிழவி. என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும். ஆற்றங்கரையில் ஓட்டு வீடு. நாள் பூராவும் முக்காலியில் உட்கார்ந்து நூல் சுற்றுவாள். யார் என்ன கேட்டாலும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டாள். ஊரை மிரட்டித் திரிகிற கூட்டம் ஒன்று கடைசியில் அவள் முற்றத்துக்கும் வருகிறது. எட்டுப் பேர். கையில் கம்பும் கத்தியும். கிழவி எந்திரிக்கவே இல்லை. கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை. ஓட்டு விளிம்பில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. அது படத்தில் சொட்டுகிறதா, வெளியே பெய்கிற மழையா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நிமிசம் அப்படியே இருந்தது. அப்புறம்தான் அவள் கை அசைந்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல், கையை மட்டும் வைத்து எட்டுப் பேரையும் விழத்தட்டினாள். அவளுடைய தொளதொள உடுப்பின் கை காற்றில் வீசுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

நாங்களும் உட்கார்ந்த இடத்தில் கையை மட்டும் ஓட்டிப் பிழைக்கிறவர்கள். மதினி இதைப் பார்க்கணும் என்று அங்கேயே நினைத்துவிட்டேன்.

மதினி என் அண்ணன் மனைவி. அவளும் எங்கள் கம்பெனியில்தான் இருந்தாள், எனக்கு அடுத்த ரூம். அதற்கு நாலு வருசம் முன்னால் அந்த ரூம் வெடித்தது. ரூமுக்கு நாலு பேர் கணக்கு. அதில் ரெண்டு பேர் அன்றைக்கே போய்விட்டார்கள். மதினிக்கு இடது காது போனது, தோளில் இருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிவிட்டது. புண் ஆறியது. பயம் ஆறவில்லை. அடுக்களையில் தட்டு விழுந்தால் தெருவுக்கு ஓடிவிடுவாள். வாசல் தாண்ட மாட்டாள். வீட்டுக்குள்ளேயே இருந்து நோட்டுக்குத் தாள் மடித்துக் கொடுப்பாள். "விட்டுரு தாயி, அவ இப்படியே இருந்துட்டுப் போறா" என்று அண்ணன் சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இருக்கன்குடிக்குப் போய்க் கும்பிட்டு வருவோம் என்று சொன்னேன். அம்மன் பேரைச் சொன்னதால் கிளம்பினாள். சாத்தூரில் இறங்கியதும் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கன்குடி பஸ்ஸு அங்கன நிக்குது. நீ எங்கன இழுத்துட்டுப் போற?"

"படத்துக்கு மதினி."

"அடிப் பாவி! ஆத்தா பேரைச் சொல்லியா பொய் சொன்ன?"

"வெடிச் சத்தமே கிடையாது. துப்பாக்கிகூடக் கிடையாது. ஒரு கிழவி உக்காந்தே சண்டை போடுவா. நான் பாத்துட்டுத்தான் கூப்பிடுறேன்."

"உக்காந்தா? நம்மள மாதிரியா?"

"நம்மள மாதிரித்தான்."

சிரித்துவிட்டாள். வெடிச் சத்தம் கிடையாது என்று வாக்குக் கொடுத்தது நான். செவ்வாய்க்கிழமை மழையில் பார்த்த கொட்டகையும் ஞாயிற்றுக்கிழமைக் கொட்டகையும் ஒன்று என்று நினைத்தது என் புத்திகெட்டதனம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கம்பெனிக்கும் லீவு. சுற்றுவட்டாரத்து ஆம்பளைகள் அம்புட்டுப் பேரும் அங்கேதான் இருந்தார்கள். அச்சாபீசில் வேலை பார்க்கிறவர்கள் வெட்டிப்போட்ட கலர்த் தாளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். யாராவது ஒருத்தன் காலைத் தூக்கினால் போதும், தாள் பறக்கும். முன்னால் இருக்கிற சேரை ஆளுக்கு ஒரு மிதி மிதிப்பான். வழியில் நின்று ரெண்டு பேர் கராத்தே போட்டுக் காட்டினார்கள்.

"ஏலே, பின்னாடி வாரான்லே! திரும்புலே!"

"அவனுக்கு எங்கலே கேக்கும், அவன் சீனாக்காரன்!"

கிழவி வந்ததும் இன்னும் மோசம். "ஆத்தாவால எந்திரிக்க முடியல, ரெண்டு பேரு தூக்கி விடுங்கலே!" என்றான் ஒருத்தன். கொட்டகையே சிரித்தது. அவள் பேசுகிற ரெண்டு வார்த்தையும் காதில் விழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் பார்க்க வந்தவன் படத்தைப் பார்க்க வேண்டியதுதானே! தன்னை நாலு பேர் பார்க்கணும் என்றுதான் அம்புட்டுப் பேரும் வந்திருந்தார்கள்.

மதினி கோபப்படவில்லை. மடியில் விழுந்த தாளை எல்லாம் எடுத்து எடுத்து மடித்து வைத்தாள். நல்ல காதைத் திரைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். இடைவேளையில் காராச்சேவு வாங்கிக் கொடுத்தேன். தின்றுகொண்டே, "கிழவி எப்ப தாயி அடிப்பா?" என்று கேட்டாள். நாலு வருசத்தில் அவள் வாயில் இருந்து அப்படி ஒரு கேள்வி வந்தது அன்றைக்குத்தான்.

"இனிமேதான் மதினி. கடைசியில."

அந்த முற்றம் வந்தது. எட்டுப் பேரும் வந்து நின்றார்கள். ஓட்டில் இருந்து தண்ணீர் சொட்டியது. சத்தம் இல்லாத அந்த ஒரு நிமிசம் இருக்கிறதே, அதை அந்தக் கூட்டத்தால் தாங்க முடியவில்லை. கிழவி பேசாமல் இருந்தால் இவர்கள் ஏதாவது செய்தாகணும். திரைக்கு முன்னால் வெடி வெடித்தது.

பட்டாசுக் கம்பெனியில் முதல் சத்தம் கேட்டதும் என்ன, எங்கே என்று யாரும் கேட்க மாட்டோம். கத்தவும் மாட்டோம். கதவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஓடுவோம். ரூமுக்குள் செருப்புப் போடக் கூடாது என்பதால் எங்கே உட்கார்ந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தே பழக்கம். பெண்கள் பக்கத்தில் நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்போம். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. அம்புட்டுப் பேரும் வெறுங்காலோடு பக்கக் கதவு வழியாக வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி ரோட்டுக்குப் போன பிறகுதான் நின்றோம். சித்திரை வெயிலில் தார் கொதித்தது. கால் சுட்ட பிறகுதான் இது கம்பெனி இல்லை, கொட்டகை என்று புத்தியில் ஏறியது.

உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "பொம்பளைக ஓட்டத்தப் பாருங்கலே! படத்துச் சண்டையெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்குமா!"

மதினி எங்களோடு நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுச் சுவரோரம் குத்தவைத்து, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு இருந்தாள். உள்ளங்கால் சிவந்துபோய் இருந்தது. நான் தொட்டதும் கையைத் தட்டிவிட்டாள்.

செருப்பு எடுக்கத் திரும்பிப் போனேன். புகை அடங்கவில்லை. ஆம்பளைகளுக்கும் பெண்களுக்கும் நடுவில் இருக்கிற குட்டைச் சுவரில் நாலைந்து பேர் ஏறி உட்கார்ந்து சிரித்துக்கொண்டு இருந்தார்கள். அதில் எங்கள் தெருக்காரன் ஒருத்தன், கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். என்னை அத்தை என்று கூப்பிடுகிற முறை.

"என்ன அத்தை, ஓட்டம் பலமா இருக்கு! சின்ன வெடிதான். நாந்தான் போட்டேன்."

நாலு வருசம் முன்னால் அந்த ரூமில் இருந்து மதினியைத் தோளில் போட்டுக்கொண்டு வேனுக்கு ஓடியவன் இவன்தான். ரத்தம் அவன் சட்டையிலும் ஆகியிருந்தது. எனக்கு நாக்கு எழவில்லை. எனக்கு எப்பவுமே எழாது. செருப்பைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். டிக்கெட் கொடுக்கிறவரிடம் சொன்னேன். "கூட்டம்னா அப்படித்தாம்மா இருக்கும். புடிக்கலைன்னா வீட்ல டிவில பாருங்க" என்றார்.

பஸ்ஸில் மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொன்னேல்ல, அதான்" என்று மட்டும் சொன்னாள். நாலு நாள் கழித்துத் தாள் மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கிழவி கடைசியில என்ன ஆனா?"

"வந்து பாருங்க."

"நீதான் பாத்துட்டேல்ல, சொல்லேன்."

"சொல்ல மாட்டேன்."

இன்னொரு தாளை எடுத்து மடித்தாள். "திரும்பவும் வெடி போடுவாங்கள்ல?"

"போட மாட்டாங்க" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுபடியும் ஒரு வாக்கு.

படம் கூட்டத்தை அள்ளுகிறது என்று இன்னொரு வாரம் ஓட்டினார்கள். சனிக்கிழமை காலை கம்பெனி வாசலில் வரிசையில் நிற்கும்போதுதான் தோன்றியது. எங்கள் கம்பெனியில் உள்ளே போகுமுன் வாட்ச்மேன் சோதனை போடுவார். "காட்டு" என்பார், அவ்வளவுதான். ஆம்பளைகள் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். சட்டைப் பையையும் இடுப்பு மடிப்பையும் தடவிப் பார்ப்பார். பீடி, தீப்பெட்டி, செல்போன் எது இருந்தாலும் வெளியே. இதே ஆட்கள்தான். இங்கே தீக்குச்சி ஒன்று கொண்டுவர மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதினியைக் கொட்டகைக்கு எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, ஆம்பளைகள் உள்ளே போகிற வாசலில் போய் நின்றேன். முதலில் வந்தவன் யாரென்றே தெரியாது. நல்ல உயரம்.

"காட்டு" என்றேன். பாதிக் குரல்தான் வந்தது.

கையைத் தூக்கிவிட்டான். நேரே பார்த்துக்கொண்டு, பால் குடித்த பிள்ளை மாதிரி ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். சட்டைப் பையில் இருந்து தீப்பெட்டியை எடுத்தேன். அடுத்தவனும் தூக்கினான். அதற்கடுத்தவனும். நாலாவது, எங்கள் தெருக்காரன். அவன் கையும் தன்னால் மேலே போனது. இடுப்பு மடிப்பில் ரெண்டு வெடி இருந்தது. நான் எடுத்த பிறகுதான் அவனுக்கு முழிப்புத் தட்டியது.

"அத்தை, இதென்ன கம்பெனியா?"

"கம்பெனின்னா கொண்டுட்டு வந்திருப்பியாலே?"

என் வாய் அதற்கப்புறம் நிற்கவில்லை. "அங்கன உன் உசுரு, அதனால பீடிய வெளிய வச்சுட்டு வார. இங்கன அடுத்தவ உசுரு, அதனால வெடி. போன வாரம் உள்ள யாரு இருந்தான்னு தெரியுமாலே? நீ தோள்ல போட்டுத் தூக்குனியே, அவ. அந்தா பெஞ்சுல உக்காந்திருக்கா, போய்ச் சொல்லு, சின்ன வெடிதான்னு."

அவன் டீக்கடைப் பக்கம் பார்த்தான். தூக்கிய கை மெதுவாக இறங்கியது. பின்னால் இருந்து ஒருத்தன், "ஏலே, என்னலே அங்கன? கிழவிய வாட்ச்மேன் வேலைக்கு வச்சுட்டானுகளா?" என்று கத்தினான். இவன் திரும்பி, "பேசாம கையத் தூக்குலே" என்றான்.

அதற்காக அவன் நல்லவன் ஆகிவிட்டான் என்று எழுத மாட்டேன். படம் பூராவும் விசிலடித்தவன் அவன்தான். எல்லாரையும் சோதிக்கவும் முடியவில்லை. பெல் அடித்ததும் பாதிப் பேர் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். எடுத்த வெடியை எல்லாம் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற வாளியில் போட்டேன். டீக்கடைக்காரர் திட்டினார். திட்டட்டும்.

மதினி கதவோரமாக உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. தாள் பறந்தது, சேரை மிதித்தார்கள், எல்லாம் போன வாரம் மாதிரியேதான். கடைசியில் அந்த முற்றம் வந்தது. மதினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எவனோ, "ஆத்தாவத் தூக்கி விடுங்கலே" என்று ஆரம்பித்தான். இன்னொருத்தன் "வாய மூடுலே" என்றான். தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கவில்லை. வெடிச் சத்தமும் கேட்கவில்லை.

விளக்குப் போட்ட பிறகும் மதினி எந்திரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எட்டாவது ஆளை அடிக்கையில முக்காலி லேசா ஆடுச்சு, பாத்தியா? அவளுக்கும் உள்ளுக்குள்ள பயம்தான் தாயி" என்றாள்.

"ஆமா மதினி" என்றேன்.

முக்காலி ஆடியதை நான் பார்க்கவில்லை. கிழவியின் கையையும் பார்க்கவில்லை. அந்தச் சண்டை முடிகிற வரைக்கும் நான் ஆம்பளைகள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன், எவன் கையில் தீப்பெட்டி இருக்கிறது என்று.