விசிட்டர் கார்டில் நான் எழுதிய அண்ணன்

நம் ஹாஸ்டல் குரூப்பில் போன வாரம் ஒருத்தி எழுதியிருந்தாள், “மறியல் சமயத்துல பையனோட ஓடிப்போனவதானே இவ” என்று. கீழே ஒன்பது பேர் சிரித்திருந்தீர்கள்.

நான் ஓடவில்லை. காலை எட்டு மணிக்கு, வார்டன் சிஸ்டர் கேட்டைத் திறந்துவிட, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்து போனேன். யூனிஃபார்மில். ஷூ போட்டுக்கொண்டு.

அன்றைக்கு ரோடு முழுக்கப் புளிப்பு வாசனை... இடஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போகும் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பச்சைப் புளியந்தழை மிதிபட்டு நசுங்கிய வாசனை அது.

பஸ் நின்று ஐந்து நாள். ஹாஸ்டலில் அரிசி தீரப்போகிறது. விசிட்டர் கார்டில் பெயர் உள்ளவர் வந்தால் கூட்டிப்போகலாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். என் அப்பா சின்னசேலத்தில் எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். வந்தவன் மாணிக்கம்.

மாணிக்கம் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா கல்வராயன் மலைப் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்தபோது, அஞ்சாவது வரை நானும் அவனும் ஒரே பாயில் உட்கார்ந்து படித்தோம். மலைக்காரப் பையன். பிறகு அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர். ஏழு வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிளஸ் டூ படிக்கும்போது, கள்ளக்குறிச்சிக் கடையில் எழுதாத பேனாவைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

“இன்னும் மாறலியா, வாத்தியாரம்மா?”

மலையில் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். திரும்பிப் பார்த்தேன்... மீசை அரும்பியிருந்தது. கடைக்காரர் கொடுத்த மிச்சத்தை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

அவனும் பாய்ஸ் ஸ்கூலில் பிளஸ் டூ. ஆனால் ஹாஸ்டலுக்குள் வர வேண்டுமானால் விசிட்டர் கார்டில் பெயர் வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்ட கார்டில் ஒரு வரி காலியாக இருந்தது. அதில் அவன் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் ‘அண்ணன்’ என்று எழுதினேன். எனக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை. நான் எழுத்தில் சொன்ன ஒரே பொய் அது.

அவனிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொய்யாப்பழத்தோடு வருவான். வாட்ச்மேன் பெயரைப் பார்த்து உள்ளே விடுவார். அவ்வளவுதான்.

அன்று காலை ரெஜிஸ்டருக்காக சிஸ்டர் அந்தக் கார்டை அவன் முன்னால் வைத்தார். “பிரதர்தானே? தங்கச்சிய பத்திரமா கூட்டிட்டுப் போப்பா.”

அவன் கார்டைப் பார்த்தான். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டான்.

வழி முழுக்க எனக்கு நாலடி முன்னால் நடந்தான். பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு மரத்தடுப்பிலும் ஒரு கூட்டம்.

“யாருப்பா நீங்க? இன்னா ஊரு? பின்னால வர்றது யாரு?”

“தங்கச்சிங்க.”

ஒரு பெரியவர் எங்கள் கால்களைப் பார்த்தார். “தங்கச்சி ஷூ போட்டுக்கினு வருது. அண்ணன் காலு வெறுங்காலா கீது?”

“அது கான்வென்ட்டுங்க. நான் கவர்மென்ட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்து, “கண்ணு, அண்ணன வுட்டுட்டு எங்கியும் நிக்காத, என்னா?” என்றார்.

முதல் தடுப்பில் அவன் ‘தங்கச்சி’ என்றபோது நிம்மதியாக இருந்தது. மூன்றாவதில் அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. அது ஹாஸ்டல் கேட்டுக்குள் நீ வர எழுதியது, மாணிக்கம், வேறொன்றுமில்லை... மனதுக்குள் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டே நடந்தேன். அடுத்த மரம் தாண்டியதும் சொல்லிவிடலாம். அந்தப் பாலம் தாண்டியதும்.

தூரத்தில் போலீஸ் வேன். எல்லோரும் ஓடினார்கள். நாங்கள் கரும்புக்கொல்லைக்குள் இறங்கினோம். வாய்க்காலைத் தாண்ட அவன் கை நீட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் ஒரு முனையை நீட்டினான்.

நானும் அவனும் மட்டும். சொல்லியிருக்கலாம்.

“என் ஷூ சேறாயிடுச்சு” என்றேன்.

“வூட்ல கழுவிக்கலாம்” என்றான்.

சின்னசேலத்தில் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் மாணிக்கம் முந்திக்கொண்டான். “சார், தங்கச்சிய கொணாந்து வுட்டுட்டேன்.”

அப்பா அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாம் புரிந்திருக்கும் அவருக்கு. “நல்லதுப்பா. இனிமே நீதான் இவளுக்கு அண்ணன்” என்று சொல்லி அவன் தோளில் கை வைத்தார்.

எங்கள் பக்கம் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் பிறகு அதை மாற்ற முடியாது. மாற்ற நினைப்பதே அசிங்கம். அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவன் ஹாஸ்டலுக்கு வரவில்லை.

மூன்று வருடத்தில் எனக்குக் கல்யாணம். என் கணவர் நல்லவர். இறந்து நாலு வருடமாகிறது. அவர் இருந்தவரை இதை யாரிடமும் பேசியதில்லை.

இப்போது அந்த ரோடு நாலு வழிச்சாலை. மரங்கள் இல்லை. அரைமணி நேரத்தில் சின்னசேலம். பெண்கள் சிநேகிதனைச் சிநேகிதன் என்றே எழுதிவிட்டுப் போகிறார்கள். நல்லதுதான். நான்தான் அந்தச் சாலையில் பஸ் போகும்போது இன்னும் மரத்தடுப்பு இருந்த இடங்களை எண்ணிக்கொண்டு வருகிறேன்.

கல்யாணத்தன்று அக்கினி வலம் வரும்போது பெண்ணின் கையில் பொரி போட அண்ணன் வேண்டும். அப்பா மாணிக்கத்துக்குப் பத்திரிகை அனுப்பி, அந்த முறையைச் செய்ய நீதான் வரவேண்டும் என்று தன் கையால் எழுதியிருந்தார். முகூர்த்தம் நெருங்க நெருங்க நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துவிடுவானோ என்றும் பயம். வராமல் போய்விடுவானோ என்றும் பயம்.

அவன் வரவில்லை. பெரியப்பா மகன் பொரி போட்டான்.

மாணிக்கத்தைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதை அவரிடம் காட்டுங்கள். போன் வேண்டாம். போனில் நான் அதிகாரமாகப் பேசிவிடுவேன்.

மாணிக்கம், அப்பா பத்திரிகை அனுப்பியும் அன்று நீங்கள் ஏன் வரவில்லை? உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள். ஒரு வரி போதும்.