காஸ் பெட்டிக்கு இடம் பார்த்த கதை

ஏசி பொருத்துகிற தொழிலில் பெட்டியைப் பூட்டுவது சுலபம். வெளிப்பெட்டியை எங்கே வைப்பது என்று வீட்டுக்காரரோடு ஒத்துப்போவதுதான் பெரும்பாடு. வீடு வீடாகப் போய்ச் சுவரில் துளை போடுகிற என் இனத்தவரே, இது உங்களுக்குப் புதிதில்லை.

போன வருடம் கீரிக் கடற்கரையில், அன்ரன் அண்ணரின் விருந்தினர் விடுதியில் நான் பட்ட பாடு கொஞ்சம் பெரிது. வெளிநாட்டிலிருக்கும் அவருடைய தம்பி, காஸில் ஓடுகிற பெட்டி ஒன்றைக் கப்பலில் அனுப்பியிருந்தார். அறைகளுக்குக் குளிரும் தரும், குளிக்கச் சுடுதண்ணீரும் தரும். உள்ளே சின்ன எஞ்சின் ஒன்று ஓடும். எஞ்சின் என்றால் புகை. விடுதியின் பின் அறையிலோ அண்ணரின் மகள் டிலானி, மாதம் நிறையுமுன் பிறந்த கைக்குழந்தையோடு இருந்தாள். பிள்ளைக்கு நெஞ்சு பலவீனம். வெக்கையும் ஆகாது, புகையும் ஆகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த அறையைக் குளிர வைக்கத்தான் இவ்வளவு அவசரமும்.

கடல் பக்கம்

அன்ரன் அண்ணர் முதலில் என்னைக் கடல் பக்கம் கூட்டிப்போனார். நல்ல காற்று, பெட்டியும் குளிர்ச்சியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. உப்புக் காற்று பெட்டியைத் தின்றுவிடும், மணல் போய் விசிறியை அடைக்கும், வாடைக் காற்று அடிக்கிற காலத்தில் புகை முழுவதும் திரும்பி வீட்டுக்குள்தான் வரும் என்று சொன்னேன்.

வழக்கமாக இந்த இடத்தில் வீட்டுக்காரர் என்னோடு மல்லுக்கட்டுவார். இவர் முன்பு போட் வைத்துத் தொழில் செய்தவர் என்பதால் நான் தப்பினேன். கடலை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ர போட் எஞ்சினையே திண்டு முடிச்ச காத்து. பெட்டியை விடுமோ?"

கிணற்றடி

கிணற்றுப் பக்கத்தில் சீமெந்து போட்ட சமதரை இருந்தது. என்னோடு வேலை செய்கிற சிலாவத்துறை நௌபர், இதுதான் இடம் என்று சாமான்களை அங்கே இறக்கியும் விட்டான். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும் என்றேன். கிணற்றைவிடப் பள்ளம் வேறு எங்கே இருக்கிறது? மாரிக்கு முன் அதை இறைத்துத் துப்புரவாக்க ஆள் இறங்குகிற வழக்கமும் உண்டு. இறங்குகிறவருக்கு உள்ளே என்ன தேங்கி நிற்கிறதென்று தெரியவே தெரியாது.

நௌபர் என்னோடு வாதாடாத நாளே கிடையாது. அன்று மட்டும் குனிந்து சாமான்களை மறுபடி தோளில் ஏற்றினான். "கீரிப் பக்கம் கிணறு இறைக்க என்ட வாப்பாவும் வாறவர். தூக்குங்கோ அண்ணன், போவம்."

கருவாட்டுப் பந்தல்

குசினிக்குப் பின்னால் இடம் தர இமெல்டா அக்கா தயாராக இருந்தார். விடுதியின் சமையல் அவர் கையில். வெளிப்பெட்டி சூடான காற்றை ஊதும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அது நிற்கப்போகிற இடத்துக்கு முன்னால் தடி நட்டுப் பந்தலும் போட்டு வைத்திருந்தார். வாடைக்கால மழையில் கருவாடு காய்வதில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தாலும் யோசனையைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் இரண்டடி தள்ளி விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

காஸும் நெருப்பும் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று விளங்கப்படுத்தினேன். அவர் முகம் வாடினாலும் மனம் வாடவில்லை. எங்களை இருத்தி, பாரை மீன் குழம்போடு வயிறு நிறையச் சோறு போட்டார். அந்தக் குழம்புக்கு நான் இன்னும் கடமைப்பட்டவன். பந்தலைப் பிடுங்கியபடி சொன்னார்: "கருவாடு காயாட்டில் காயாமப் போகட்டும். வீடு பத்தாம இருந்தாச் சரி."

பின் யன்னல்

இதற்குள் அன்ரன் அண்ணருக்குப் பொறுமை போய்விட்டது. பின்பக்கம் வைத்தால் விருந்தாளிகள் கண்ணில் படாது, அங்கேயே வையும் என்றார். அது டிலானியின் யன்னலுக்கு நேர் கீழே. யன்னலை எந்நேரமும் பூட்டி வைக்கலாமே என்றார். அந்தப் புகையில் மணமில்லாத நஞ்சும் இருக்கிறது, உள்ளே வர ஓர் இடுக்குப் போதும், பெட்டியை அங்கே நான் பூட்டமாட்டேன் என்றேன். பூட்டுவதற்கு வேறு ஆள் இருக்கிறது என்றார் அவர்.

வேலை போவது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வருகிற வேறு ஆள் ஒரு சொல்லும் கேட்காமல் அங்கேயே பூட்டிவிட்டுப் போவான் என்று நினைக்கத்தான் பயமாக இருந்தது. டிலானி பிள்ளையைத் தோளில் போட்டபடி கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணா, உங்கட பிள்ளை இந்த அறையில படுத்தால், இதில வைப்பியளோ?" என்று கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். தகப்பனின் பக்கம் திரும்பினாள். "கேட்டனீங்கள்தானே, அப்பா."

கெபி

மிச்சம் ஓர் இடம் இருந்தது. காலையிலிருந்தே எங்கள் எல்லோருக்கும் அது தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. வளவின் முன் மூலை: மேட்டு நிலம், கடற்காற்றை வீடு மறைக்கிறது, பக்கத்தில் யன்னல் இல்லை. ஆனால் அங்கேதான் மாதா கெபி, சுரூபம் வைத்த சின்னக் குகைக் கோயில். புயலில் கடலில் அகப்பட்டு உயிரோடு கரை சேர்ந்த வருடம், அன்ரன் அண்ணர் நேர்ந்து கட்டியது. பின்னேரம் தவறாமல் மெழுகுதிரி எரிகிற இடத்தில் காஸ் பெட்டி வைக்க முடியாது. நானும் கோயிலுக்குப் போகிறவன்; ஒரு பெட்டிக்காக மாதாவை எழும்பச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அண்ணரும் கெபியைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

அவருடைய மனைவி மெற்றில்டா அக்கா அன்று முழுக்கப் பிள்ளையின் வேலையாகவே இருந்தார். கொடியில் காய்ந்த பிள்ளைத்துணிகளை மடித்து வைத்துவிட்டு வந்தார். சிலுவை அடையாளம் போட்டு, கெபியிலிருந்த பூவையும் மெழுகுதிரித் துண்டுகளையும் எடுத்தார். சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். பங்குச் சுவாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வோமே என்று நான் இழுத்தேன். அதற்கு அவர் சொன்னார்: "சுவாமிக்குப் பிறகு சொல்லுவம். பிள்ளைக்காக இடம் தேடி அலைஞ்சவதானே மாதாவும். அவவுக்கு விளங்கும்."

பெட்டி அந்த முன் மூலையில் ஓடுகிறது, வாசலடியில் புதுக் கெபி எழும்பிவிட்டது, பின் அறையில் பிள்ளை குளிரில் நித்திரை கொள்கிறது. கூலி தந்தது அன்ரன் அண்ணர், இடம் தந்தது மாதா, எல்லாப் புகழையும் வாங்கிக்கொண்ட நான் செய்தது நாலு துளை போட்டது மட்டும்தான்.