அர்லீன் பாசெக் பார்க்கக் கூடாத பந்து

வெர்லோ ஊர் மாதா கோவிலில் இரண்டு பேருக்குத்தான் பெயர் சொல்லி ஜெபம் செய்வோம். ஒருவன் எமெட் கஸ்டீல், எங்கள் ஹார்பர்மென் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக். இன்னொருத்தி அர்லீன் பாசெக், ஊரில் பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறவள். எமெட்டின் வலது தோள் வலுவாக இருக்க வேண்டும் என்று ஒரு ஜெபம். அர்லீன் தன் கார் ஷெட்டை விட்டு வெளியே வந்துவிடக் கூடாது என்று இன்னொன்று.

எங்கள் அணியை அர்லீனைப் போல நேசித்தவர்களை நான் பார்த்ததில்லை. அந்த அணியின் ஆட்டத்தைப் பார்க்கவே பார்க்காதவளும் அவள் ஒருத்திதான். இந்தக் கொடுமை எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொடுமையில் எனக்கும் பங்கு உண்டு.

பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால் எமெட் லூசியானாவிலிருந்து வந்து சேர்ந்தான். பனியையே பார்த்திராத மெலிந்த பையன். ஜனவரியில் ஒரு முக்கியமான ஆட்டம். பாசெக் வீட்டு வரவேற்பறையில் நாங்கள் பதினைந்து பேர் தொலைக்காட்சி முன்னால் இருந்தோம். எப்போதும்போல அர்லீன் அடுப்படியில் சத்தத்தை மட்டும் கேட்டபடி எங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். கடைசி நிமிடம், அணி பின்தங்கியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து அர்லீன், "அடுப்புல வைக்கணும், ஷெட்டு ஃப்ரீசர்ல இருக்கற சாசேஜ எடுத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிப் போனாள். அவள் கதவைத் தாண்டிய நொடியில் எமெட் எறிந்தான். ஜெயித்தோம்.

அடுத்த வாரம் அவள் ஷெட்டுக்குப் போகாமல் அடுப்படியிலேயே இருந்தாள். தோற்றோம்.

அடுத்த வருடம் முதல் ஆட்டத்தில் மறுபடி கடைசி நிமிடம், மறுபடி நெருக்கடி. மதுக்கடை வைத்திருக்கிற கோர்டி நீஸ் மெல்லத் திரும்பி அடுப்படியில் நின்ற அவளைப் பார்த்தான். அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன் அவன்.

"அர்லீன், சாசேஜ் ஏதாவது எடுக்கணுமா?"

"எல்லாம் இங்கயே இருக்கே."

"இருந்தாலும் ஒரு தடவ போய்ப் பாரேன். ஃப்ரீசர் கதவு திறந்திருக்கப் போகுது."

சிரித்துக்கொண்டே போனாள். எமெட் ஐம்பது கஜம் எறிந்தான். ஜெயித்தோம். கோர்டி தரையில் மண்டியிட்டு அழுதான். அன்று மூடியது அர்லீனின் கதவு.

முதலில் கடைசி நிமிடம் மட்டும் ஷெட்டுக்குப் போவது என்று இருந்தது. பிறகு கடைசிக் கால் பகுதி ஆனது. அப்புறம் பாதுகாப்புக்காக முழு ஆட்டமும் என்று கோர்டியின் கடையில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலின்போது தீர்மானம் ஆனது. ஊர் சேர்ந்து ஷெட்டுக்கு மின்சார ஹீட்டர் மாட்டிக் கொடுத்தது. நல்ல நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் வெளிச்சம் தெரியும் என்பதால் ஜன்னலில் பலகை அடித்தது. மறுநாள் ஒளிபரப்பையும் அவள் பார்க்கக் கூடாது என்று கோர்டி சொன்னபோது டுவெய்னுக்கே, அதாவது அவள் கணவனுக்கே, கொஞ்சம் அதிகமாகப்பட்டது.

"முடிஞ்சு போன ஆட்டம்டா அது. ஜெயிச்சாச்சு."

"ஜெயிச்சது அப்படியே இருக்கட்டும்னுதான் சொல்றேன்" என்றான் கோர்டி.

அவள் வீட்டுக்கு வரும் பத்திரிகையில் எமெட் எறியும் படம் இருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் போடுவார்கள். ஒரு வருடம் அவளுக்குப் பித்தப்பையை எடுக்க வேண்டி வந்தது. மருத்துவர் எங்கள் ஊர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு அறுவைச் சிகிச்சை வைத்தார். மயக்க மருந்தில் கிடந்த அந்த மூன்று மணி நேரத்தில் நாங்கள் நாற்பத்தைந்துக்கு மூன்று என்று ஜெயித்தோம். நலம் விசாரிக்க மலர்க்கொத்தோடு வந்தவர்களில் நாலைந்து பேர், எடுக்க வேண்டிய உறுப்பு வேறேதும் இருக்கிறதா என்று டுவெய்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

எமெட்டின் காதுக்கும் விஷயம் போனது. உள்ளூர் வானொலியில் யாரோ சொல்ல, அவன் ஒரு கம்பளிப் போர்வையும் அட்டையும் அனுப்பினான். 'நன்றி மேம். தயவுசெய்து அங்கேயே இருங்கள்' என்று அவன் கையால் எழுதியிருந்தது. அர்லீன் அந்த அட்டையைச் சட்டம் போட்டு ஷெட்டில் மாட்டினாள். வேறெங்கே மாட்டுவாள்?

அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. விடியற்காலையில் எங்கள் தெருக்களை ஒதுக்கிவிட்டு வந்து, மதியம் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஆட்டம் முடிந்ததும் டுவெய்ன் மூன்று முறை தட்டினால் வெற்றி, ஒரு முறை தட்டினால் தோல்வி. தோல்வி என்றால், "கொஞ்சம் அசஞ்சுட்டேனோ என்னமோ" என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்பாள். கேட்டுக்கொண்டு நின்றோம் நாங்கள்.

போன டிசம்பரில் இடி விழுந்தது. இந்த வருடத்தோடு விளையாட்டை விடுகிறேன் என்று எமெட் அறிவித்தான். ஊரே அழுதது. அர்லீன் அழவில்லை. சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டுவெய்ன், அவன் எறியறத நான் ஒரு தடவ பார்க்கணும்."

டுவெய்ன் காகித ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். இயந்திரம் கையைக் கவ்வியபோதும் கத்தாதவன். அன்று அவன் முகம் வெளுத்தது.

"சும்மா இரு அர்லீன். யார் காதுலயாவது விழுந்துடப் போகுது."

"விழட்டுமே. எல்லாரும் அழறீங்க, அவன் போறான்னு. எனக்கு எத நெனச்சு அழறதுன்னே தெரியல. நான் பார்த்ததே இல்லையே."

விழுந்தது. பங்குக் கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். ஜனவரியில் சொந்த மைதானத்தில் ஆட்டம், தோற்றால் எமெட்டின் கதை அன்றோடு முடிந்தது. கோர்டி மேடையேறி நெஞ்சில் கை வைத்தான்.

"அர்லீன், பதிமூணு வருஷம் இருந்துட்ட. இன்னும் ஒரு மூணு, நாலு ஞாயித்துக்கிழமை. அப்புறம் வாழ்நாள் பூரா வெளியவே இரேன், யாரு கேக்கப் போறா?"

"அப்புறம் அவன் இருக்க மாட்டானே, கோர்டி."

"கோப்பை இருக்குமே!"

"இருபத்தாறு வருஷமா உன் கடை வாசல்ல பனிய யாரு ஒதுக்கறா?"

"நீதான். இல்லங்கல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அங்க ஒரு சம்பந்தமும் தெரியல. நான் ஷெட்டுல உட்கார்றதுக்கும் அவன் பந்த எறியறதுக்கும் மட்டும் சம்பந்தம் தெரியுதா உனக்கு?"

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கை தூக்கச் சொன்னார்கள். அவள் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று நானூற்றுப் பன்னிரண்டு கைகள். வேண்டாம் என்று ஒரே ஒரு கை, அவளுடையது. டுவெய்ன் அந்த நேரம் கழிப்பறையில் இருந்தான். நானூற்றுப் பன்னிரண்டில் என் கையும் ஒன்று. அதைத் தூக்கியபோது அவள் என்னைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

அன்றே அவள் எமெட்டுக்குக் கடிதம் எழுதினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு நாள். அவன் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு தனியாக வந்தான். எங்கள் தெரு முனையில் பனியில் சிக்கிக்கொண்டான். அர்லீனே சங்கிலி கட்டி இழுத்துவிட்டாள். இழுத்த பிறகுதான் யாரென்று பார்த்தாளாம். ஷெட்டில் ஹீட்டருக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். பேசியதை அவளே பின்னால் என்னிடம் சொன்னாள்.

"மேம், ஒரு உண்மையச் சொல்லட்டுமா? எனக்கும் பயம்தான்."

"உனக்குமா?"

"கடைசி நிமிஷத்துல எழுபதாயிரம் பேரு கத்தறப்போ, 'அந்தம்மா ஷெட்டுலதான் இருக்காங்க'ன்னு நெனச்சுக்குவேன். கை நடுக்கம் நின்னுடும். யார்கிட்டயும் சொன்னதில்ல."

அர்லீனின் மனம் உருகிவிட்டது. "அப்படின்னா நான் இருந்துடறேன் கண்ணு. கடுதாசிய மறந்துடு" என்றாள்.

அவன் சட்டத்தில் மாட்டியிருந்த தன் அட்டையைப் பார்த்தான். பலகை அடித்த ஜன்னலைப் பார்த்தான். பெரிய உடம்பு அவனுக்கு; அந்த நாற்காலியில் அவன் கூனிக் குறுகிப் போனான் என்று சொன்னாள்.

"இல்ல மேம். வந்துடுங்க" என்று சொல்லி இரண்டு டிக்கெட்டை ஃப்ரீசர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆட்டத்தன்று பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. பீர் கோப்பையிலேயே உறைந்தது. நாங்கள் வெர்லோக்காரர்கள் எப்போதும் உட்காரும் பகுதி அது. படியில் அர்லீனும் டுவெய்னும் ஏறி வருவதைப் பார்த்ததும், பிணம் எழுந்து நடந்து வந்ததைப் போல எல்லோரும் ஒதுங்கினோம். கோர்டி மூன்று வரிசை மேலே இருந்து எழுந்தான்.

"டேய் டுவெய்ன்! நீயெல்லாம் மனுஷனா?"

"நான் வண்டிதான்டா ஓட்டினேன்" என்றான் டுவெய்ன்.

மூன்று மணி நேரமும் அர்லீனுக்கு எமெட் சரியாகத் தெரியவே இல்லை. அவன் பந்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று தொப்பியைத் தூக்கிப் பிடித்தார்கள். ஒருவன் அவள் கண்ணுக்கு நேராகத் தன் குழந்தையைத் தூக்கிப் பிடித்தான். அப்படியும் அணி பின்தங்கித்தான் இருந்தது. ஒரு கண்ணால் கொஞ்சம் பார்த்திருப்பாள் என்று பேசிக்கொண்டோம்.

நான்கு புள்ளி பின்னால். ஆறு நொடி மீதி. ஒரே ஒரு எறிதல்.

"அர்லீன், கண்ண மூடிக்கோ" என்று பின்னால் ஒருத்தி விம்மினாள். "என் புருஷன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுப் பார்த்துட்டிருக்கார்."

"கண்ண மூடுங்க மேடம்! ஆறே நொடி!" பகுதி முழுக்கக் கெஞ்சியது. அர்லீன் கண்ணீரோடு தலையை ஆட்டினாள், முடியாது என்று. அப்போது கோர்டியும் பத்துப் பன்னிரண்டு பேரும் வண்டிக்குப் போர்த்தும் நீலத் தார்ப்பாயை விரித்து, அவளுக்கும் மைதானத்துக்கும் நடுவில் சுவர்போல நிறுத்தினார்கள். அதன் ஒரு மூலை என் கையில் இருந்தது. அதையும் சொல்லிவிட்டேன்.

டுவெய்ன் எழுந்தான். முப்பத்து மூன்று வருட மண வாழ்க்கையில் கூட்டத்துக்கு எதிராக எழுந்திராதவன். "விடுங்கடா! அவ பார்க்கட்டும்!" என்று தார்ப்பாயைப் பிடித்து இழுத்தான். பன்னிரண்டு பேரிடம் ஒருவன் என்ன செய்ய முடியும்? தார்ப்பாய் ஆடியது, விழவில்லை.

கீழே விசில் ஊதியது. ஆட்டத்தைச் சற்று நிறுத்தி வைக்க அணிக்கு மிச்சமிருந்த கடைசி டைம் அவுட்டை எமெட் கஸ்டீல் கேட்டிருந்தான். பயிற்சியாளர் தலையிலிருந்த கருவியைக் கழற்றிப் பனியில் அடித்தார். எமெட் அவரைத் தாண்டி எங்கள் பகுதிக்கு நேராக நடந்து வந்து, கையுறை போட்ட விரலை நீட்டி, கீழே இறக்கு என்று காட்டினான். மைதானத்தின் பெரிய திரையில் தார்ப்பாய் தெரிந்தது. எழுபதாயிரம் பேர் அதைப் பார்த்தார்கள். எதிரணிக்காரர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கோர்டி அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். எமெட் விரலை இறக்கவில்லை.

நான்தான் முதலில் மூலையை விட்டேன். அப்புறம் ஒவ்வொருவராக.

பந்து அவன் கைக்கு வந்தது. இரண்டு எட்டுப் பின்னால் வைத்தான். தோள் திரும்பியது. அர்லீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்களை அகலத் திறந்திருந்தாள். பந்து எங்கள் மூச்சுப் புகைக்கு மேலே ஏறி, வெகு தூரம் போய், அதைப் பிடிக்க ஓடுகிறவனின் விரல் நுனியில் பட்டு, கீழே விழுந்தது.

முடிந்தது.

கோர்டி படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஒவ்வொரு தலையாக அர்லீன் பக்கம் திரும்பியது. டுவெய்ன் அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான், அடிக்க வந்தால் தான் வாங்கிக்கொள்வதைப் போல.

எமெட் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மதிற்சுவரின் கீழே வந்து நின்றான். தலையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா மேம்?"

"பார்த்தேன் கண்ணு." "அது சுத்திக்கிட்டே போகுதே! பம்பரம் மாதிரி! பதிமூணு வருஷமா ஒருத்தனும் எனக்கு அதச் சொல்லலையே!"

எமெட் திகைத்து நின்றான். உண்மைதான், சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. பந்து சுற்றுவது குழந்தைக்கும் தெரியுமே!

கோர்டி மெல்லத் தலையைத் தூக்கினான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. எழுந்து மூன்று வரிசை இறங்கி வந்தான். டுவெய்ன் முஷ்டியை மடக்கினான். கோர்டி அவனைக் கவனிக்காமல், வெறும் கையில் பந்தைப் பிடிப்பதுபோல விரல்களை வளைத்து, அர்லீன் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"இங்க தையல் இருக்கும். விரல் அது மேல." அவன் மூக்கை உறிஞ்சினான். "விடறப்போ கடைசியா ஆள்காட்டி விரல் உரசும். அதனால சுத்துது."

"எந்தப் பக்கம் சுத்தும்?"

"வலது கைக்காரன் எறிஞ்சா வலது பக்கம். கடிகாரம் மாதிரி."

அர்லீன் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் குளிரில் தன் விரல்களையும் அதேபோல வளைத்துப் பார்த்தாள். "இப்படியா?"

"கட்ட விரல இன்னும் கீழ, மேம்" என்றான் எமெட் கீழேயிருந்து.