கல்லில் செத்தவர்களுக்குக் காவல்

அருங்காட்சியகக் காவலாளியின் தொழில், சுருக்கமாகச் சொன்னால், நிற்பது. தொழிற்சாலையிலும் உணவகத்திலும் கால் வீங்க நின்ற உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் என்னை ரோமானியச் சிலைகள் இருந்த மண்டபத்தில் விட்டார்கள். அங்கே பாதிப்பேர் செத்தவர்கள், மீதிப்பேர் செத்துக்கொண்டிருப்பவர்கள்.

வீட்டுவாசலில்

மண்டபத்தின் நடுவில் ஒரு சலவைக்கல் சவப்பெட்டி இருக்கிறது என்று மனைவியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வேலையால் வந்ததும் நேரே குளியலறைதான். முழுகிய பிறகுதான் சாமிப்படத்தடிக்கும் சாப்பிடக் குசினிக்கும் போகலாம். பனிக்காலத்தில் எனக்குத் தடிமன் பிடித்து மூக்கொழுகியதுதான் மிச்சம். பெட்டிக்குள் ஒருவரும் இல்லை, செத்தவர் போய் இரண்டாயிரம் வருடமாகிறது என்று வாதாடிப் பார்த்தேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

"வெறும் பெட்டியெண்டாலும் செத்தவீட்டுப் பெட்டிதானே. முழுகிப்போட்டு வாங்கோ."

தோற்ற பக்கம்

சுவரோரம் ஒரு போர்வீரன், விலாவில் வெட்டுப்பட்டு, ஒரு கையை ஊன்றி விழாமல் இருக்கப் பார்ப்பான். தோற்ற பக்கத்து ஆள். ரோமானியர் தங்கள் வெற்றியைக் காட்ட எதிரியின் வேதனையை இப்படி அழகாகச் செதுக்கினார்கள் என்று வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லுவாள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மண்டபங்களைக் கண்காணிக்கும் கமரா அறையில் வேலைசெய்த யோகன், சாவகச்சேரி ஆள், ஒருநாள் தேநீர் இடைவேளையில் வந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"வெட்டினவனே செதுக்கியும் வைச்சிருக்கிறான், அண்ணை. எங்கட ஆக்களைக் கொல்லுறவங்கள் உதுகூடச் செய்யமாட்டாங்கள்."

கடைசி எச்சரிக்கை

சுவரில் சாய்ந்து நின்றதற்காக மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கடைசி எச்சரிக்கை தந்தார். இனி யாராவது ஒரு சிலையில் கைவைத்தால்கூட எனக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கொழும்பு லொட்ஜில் காத்திருக்கும் அம்மா அப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சரும் இல்லை. அன்று பின்னேரம் விறைத்துப்போய் நின்றேன். பள்ளிக்கூடத்தோடு வந்த ஒரு தமிழ்ச் சிறுமி வீரனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அங்கிள், இவர் இன்னும் சாகேல்லையோ? போன வருசமும் இப்பிடித்தானே இருந்தவர்."

முகம்

ரெக்ஸ்டேலிலிருந்து மகளோடு வந்த அன்ரி ஒருவர் அந்தச் சவப்பெட்டியடியில் நின்றுவிட்டார். பெட்டியின் பக்கவாட்டில் செதுக்கியிருந்தது இதுதான்: கட்டிலில் கிடத்திய ஒரு பையன், தலைமாட்டில் தாய், சுற்றிவரத் தலைவிரித்து மாரடிக்கும் பெண்கள். நம்முடைய செத்தவீடேதான். அன்ரியின் மகன் ஊரில் ஷெல்பட்டுச் செத்ததையும், தொலைபேசியில் செய்தி மட்டும் வந்ததையும், முகம் பார்க்கக் கிடைக்காததையும் மகள்தான் என்னிடம் மெல்லச் சொன்னாள். அதற்குள் அன்ரியின் கை கல்லுப் பையனின் முகத்துக்கு நீண்டுவிட்டது.

தொடாதீர்கள் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அம்மாவை நினைத்தேன், பயமாகத்தான் இருந்தது. திரும்பி வீரனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கமரா அறையில் அன்றைக்கு யோகன். என் இடுப்பிலிருந்த வோக்கிரோக்கி மூச்சுக்காட்டவில்லை. கனநேரம் கழித்து அன்ரி சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"முகம் குளிர்ந்துபோச்சுது, தம்பி. இனிப் பிள்ளையை எடுக்கலாம்."

அன்றைக்கு மனைவி சொல்லாமலே நேரே போய் முழுகினேன், தடிமன் மட்டும் வழமைபோலப் பிடித்தது.