சிரிக்க வைக்கும் மனு

பேளுக்குறிச்சிச் சந்தையில் மனு எழுதிப் பிழைத்தவர் சென்றாயன். வழக்கமான சர்க்கார் நடையில் எழுதினால் எந்த அதிகாரியும் முழுதாகப் படிப்பதில்லை என்று சீக்கிரமே கண்டுகொண்டார். அதனால் வேடிக்கையாக எழுத ஆரம்பித்தார். மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டில் காட்டுப்பன்றிகள் தினையை அழித்தபோது, அவ்வூர்க் குடியானவர்களுக்காக துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு இப்படி எழுதினார்: "தினையைப் பன்றிகள் தின்கின்றன, வரியை நாங்கள் கட்டுகிறோம். துப்பாக்கி தர முடியாவிட்டால் பட்டாவையாவது பன்றிகள் பேருக்கு மாற்றித் தர வேண்டுகிறோம்."

தாலுக்கா ஆபீசில் அதை உரக்கப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். தாசில்தார் அவரை வரவழைத்துக் காபி கொடுத்தார். கொடுத்த கையோடு லைசென்சில் ஒரு கையெழுத்தும் போட்டிருக்கலாம். அது மட்டும் அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

அந்த அறுப்புக்கு முன்பே, காவல் பரணிலிருந்து இறங்கிய மாதனின் வயிற்றைப் பன்றி கிழித்தது. தூளி கட்டி அடிவாரத்துக்குத் தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது. அவன் மனைவி இருசாயி சந்தைக்கு வந்தாள்.

"வேடிக்கையெல்லாம் வேண்டாமுங்க. நடந்ததை அப்படியே எழுதுங்க சாமி."

சென்றாயன் அப்படியே எழுதினார். அவளையும் அழைத்துக்கொண்டு போய்த் தானே ஆபீசில் கொடுத்தார்.

கையெழுத்தைப் பார்த்ததுமே குமாஸ்தாவுக்கு முகமெல்லாம் பல். "சென்றாயன் மனு வந்திருக்குது, எல்லாரும் வாங்க!" என்று கூவினார். நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் வரியைப் படிப்பதற்குள்ளாகவே ஒருவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.